மெஸ்ஸுக்கே பெயர் கொடுத்தேன்

மும்பை செம்பூரில் நான் படித்த வளாகத்தில் ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும் விடுதிப் பெண்களுக்குள் பெரிய விவாதம் ஒன்று நடக்கும். நாட்டு நிலவரம் பற்றி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மெஸ்ஸா, பேன்ட்ரியா என்பதுதான் விவாதம். மெஸ் என்றால் செமஸ்டர் முழுக்க அவர்கள் போடுவதைத் தின்ன வேண்டும். வேண்டாம் என்றால் மாடிக்கு மாடி இருக்கும் பேன்ட்ரியில், இரண்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் மாடி முழுவதோடும் மல்லுக்கட்டிச் சமைத்துக்கொள்ளலாம். நடுவில் மாற முடியாது. பெயர் கொடுக்க ஒரு வாரம் கெடு. அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் கூட்டணி சேரும், உடையும், யார் பாத்திரம் கழுவுவது என்பதில் பேச்சுவார்த்தை முறியும். கடைசியில் பாதிப் பேர் சோம்பல்பட்டு மெஸ்ஸுக்கே போய்விடுவார்கள்.

நானும் மெஸ்ஸுக்குத்தான் போனேன். சோம்பல் காரணம் இல்லை. தாராவியில் எங்கள் வீட்டுப் பரணில் மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று இருந்தது. அதற்குள் உம்மா திரித்து வைத்த மசால்பொடி இருந்தது. நான் சமைக்கத் தொடங்கினால் அதைத் திறக்க வேண்டும். திறந்தால் குறையும், குறைந்தால் ஒருநாள் தீர்ந்துபோகும். அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் வளாகத்து மனநல ஆலோசகரிடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் மெஸ் சாப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். யாரும் நம்பவில்லை.

உம்மாவுக்கு மெஸ் என்ற பேச்சே ஆகாது. எங்களுக்குக் கீழே பட்டறை, மேலே ஒற்றை அறை. வாப்பா தோல் பை செய்து கொடுப்பவர். பட்டறையில் வேலை பார்த்த பிகார்க்காரர்களுக்கும் சேர்த்து உம்மாதான் தினமும் பெரிய சட்டியில் பொங்கிப் போட்டாள். எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, பொழுது விடிந்தால் தையல் மெஷின் சத்தம் கேட்கிற வீட்டில் பிள்ளை எப்படிப் படிப்பாள், விடுதியில் இருக்கட்டும் என்று வாப்பா சொன்னார். உம்மா யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அங்க கறி ஹலாலா என்னன்னு நமக்குத் தெரியாது. சாம்பார்ல சீனி போடுவானுவளாம். நீயே பொங்கித் தின்னு. பொடி நான் தாரேன்."

அந்தக் கோடையில் மிளகாய் வத்தலும் மல்லியும் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி வந்து, பட்டறைக் கூரைத் தகரத்தின் மேல் பழைய சேலையை விரித்துக் காய வைத்தாள். காக்காய் விரட்ட என்னை உட்கார்த்தினாள். சக்கி என்கிற மாவு மில்லுக்குத் திரிக்கப் போனால் அவளுக்கென்று சட்டம் உண்டு. முன்னால் கோதுமை திரித்திருந்தால் கொடுக்கமாட்டாள். மஞ்சள் திரித்திருந்தாலும் கொடுக்கமாட்டாள். யாராவது வத்தல் திரிக்க வரும்வரை பையோடு ஓரமாக நிற்பாள். அவர்களுக்குப் பின்னால்தான் எங்கள் பொடி உள்ளே போகும். சக்கிக்காரர் அவளைக் கண்டாலே தலையில் கை வைப்பார். அந்த வருஷம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு திரித்தாள். ஆற வைத்து, சம்படத்தில் அமுக்கி, நடுவில் ஒரு பெருங்காயக் கட்டியைப் புதைத்து மூடினாள். பாதி வீட்டுக்கு, பாதி எனக்கு. விடுதிக்குக் கிளம்பும் அன்றைக்குப் பிரித்துத் தருவதாகச் சொன்னாள். எதை எவ்வளவு போட்டாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை அள்ளும், கண் போதும் என்று சொல்லும், அவ்வளவுதான்.

நான் கிளம்புவதற்கு முன்னாலேயே, மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரே ஆளைத்தான் விட்டார்கள். வாப்பா உள்ளே இருந்தார். நான் வராந்தாவில் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் உம்மா மவுத்தாகிவிட்டாள். பொடி பிரிக்கப்படாமலே இருந்தது.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குச் சமைக்க பாண்டுப்பிலிருந்து மாமி, வாப்பாவின் அக்கா, வந்தார். அடுப்படியில் நுழைந்ததும் அவர் கை நேராக அந்தச் சம்படத்துக்குத்தான் போனது. நான் இது வேண்டாம் மாமி என்று வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் தோல் கழிவு மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கடையிலிருந்து பாக்கெட் பொடி வந்தது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் எரிச்சலாக வந்தது. நான் ஸ்டூலில் ஏறியதை வாப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பொடியைத் தொடக்கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பேசாமலே தெரிந்த சங்கதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விடுதிக்கு வந்தேன். மெஸ் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் அங்கே இல்லை. உருளைக்கிழங்கு எல்லா வேடத்திலும் வரும். தாலில் பருப்பைத் தேட வேண்டும். வாரத்தில் ஒருநாள் தென்னிந்திய நாள் என்று இட்லி போடுவார்கள். சாம்பாரில் நிஜமாகவே சீனி இருந்தது. உம்மாவிடம் நீ சொன்னது சரிதான் என்று சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

என் அறைத்தோழி லாத்தூர்ப் பக்கத்துப் பெண். அவள் முதல் செமஸ்டரிலேயே பேன்ட்ரிக்குப் போய்விட்டாள். சமைக்கத் தெரிந்து போகவில்லை, போய்த்தான் கற்றுக்கொண்டாள். கருகிய பாக்ரி ரொட்டியைச் சிரித்துக்கொண்டே அறைக்குக் கொண்டு வந்து நீட்டுவாள். வா, இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கலாம், உங்கள் ஊர் மசாலா கொண்டு வா என்று கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். இரண்டாவது செமஸ்டரிலும் கூப்பிட்டாள், அப்போதும் மாட்டேன் என்றேன். அவள் பாத்திரத்தில் சமைக்க எனக்கு ஏதோ மதச் சங்கடம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை என்று சொன்னேன். வேறு என்ன என்று கேட்டபோது வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. சாயங்காலங்களில் பேன்ட்ரியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வரும்போது கதவைச் சாத்திக்கொள்வேன்.

நான் வீட்டுக்கு அதிகம் போகவில்லை. உம்மா இல்லாத அந்த அறைக்குள் போக எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. வாப்பாதான் ஞாயிற்றுக்கிழமை சயான் வழியாக பஸ் பிடித்து வருவார். மெஸ்ஸில் பெயர் உள்ளவர்கள் ஞாயிறு மதியம் விருந்தினர் கூப்பன் வாங்கலாம். அதில் வாப்பாவும் என்னோடு சாப்பிடுவார். மற்ற நாட்களில் பட்டறைக்குப் பக்கத்தில் கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுவதாகச் சொன்னார்.

தட்டில் தானே சோறு போட்டுச் சாப்பிட்டறியாத மனிதர் அவர். முதல் ஞாயிறு, அரை டவுசர் போட்ட பெண்களுக்கு நடுவில், தரையைப் பார்த்தபடி தட்டோடு வரிசையில் நின்றார். பரிமாறுபவர் தாலை ஊற்ற வந்தபோது, போதும் என்பதற்கு வீட்டில் செய்கிற மாதிரி தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பரிமாறுபவருக்கு அது புரியவில்லை, கையின் மேலேயே ஊற்றிவிட்டார். வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சூடா இருந்துச்சா வாப்பா என்று கேட்டேன். இந்த தாலா, சூடா என்று கேட்டார். உம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் தன் தட்டைவிட என் தட்டைத்தான் அதிகம் பார்ப்பார். நான் மிச்சம் வைக்கும் சப்பாத்தியை எடுத்துத் தின்றுவிட்டு, எலும்பும் தோலுமா ஆயிட்டியே என்பார். வயிற்றெரிச்சலுக்கு நான் மாத்திரை போடுவதை ஒருநாள் பார்த்துவிட்டார். அன்று பஸ் நிறுத்தம்வரை அந்த மாத்திரை அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வாப்பா தொழுகையிலிருந்து திரும்புவதற்குள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சம்படம் அதே இடத்தில் இருந்தது. மூடியை லேசாகத் தூக்கினேன். கழுத்துவரை பொடி இருந்தது. வறுத்த மல்லியும் பெருங்காயமுமாக அந்த வாசனை முகத்தில் அடித்தது. உம்மாவின் முந்தானை வாசனை அது. சட்டென்று மூடி வைத்தேன். அன்றைக்குப் பெருநாள் விருந்து பாண்டுப்பில் மாமி வீட்டில்தான். வயிறு நிறையத் தின்றேன்.

கோடையில் எங்களை ஃபீல்ட்வொர்க்குக்கு அனுப்பினார்கள். என்னோடு படித்தவர்களில் சிலரைத் தாராவிக்கு அனுப்பினார்கள், அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து வர. தாராவிக்காரியான என்னை மராட்வாடாவில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வாப்பாவோடு போனில் பேசுவேன். அந்த நாட்களில் அவர் பேச்சில் சம்பந்தமில்லாத கேள்விகள் வந்தன. புளி எவ்வளவு நேரம் ஊறணும் என்று ஒருநாள் கேட்டார். வெந்தயம் எப்போது போடுவது என்று இன்னொரு நாள். எதுக்கு வாப்பா என்றால், பட்டறையில் பேச்சு வந்தது என்பார். தோல் பட்டறையில் வெந்தயத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நான் யோசிக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது மழை தொடங்கிவிட்டது. புது செமஸ்டர், மறுபடியும் மெஸ்ஸா பேன்ட்ரியா வாரம். கெடுவின் கடைசி நாள் ஞாயிறு. வாப்பா அன்று கையில் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டு, துண்டால் சுற்றியிருந்தார். அவர் கைகளில் எப்போதும் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை அடிக்கும். அன்றைக்கு வெங்காய வாசனை அடித்தது. மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு இருந்தது.

வெளிச் சாப்பாட்டை மெஸ்ஸுக்குள் கொண்டு போகக்கூடாது. ஆளுக்கொரு தட்டில் சோறு மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, மழை விட்டிருந்ததால், மரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். வாப்பா தூக்கைத் திறந்தார். மீன் ஆணம், எங்கள் வீட்டில் குழம்புக்கு அதுதான் பெயர். இங்கே பாங்கடா என்கிற அயிலை மீன், மேலே கறிவேப்பிலை, ஓரத்தில் எண்ணெய் மிதந்தது. எனக்கு ஊற்றிவிட்டு, தான் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் வைத்தேன். உம்மா வைத்த ஆணம்தான். புளிப்பு அதே, காரம் நாக்கில் வந்து நிற்கும் இடம்கூட அதே. கண்ணீர் தட்டில் விழுந்தது.

"சரியா இருக்கா?" என்று கேட்டார். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு. ஒனக்குத்தான் தெரியும்."

"உம்மா வச்ச மாதிரியே இருக்கு வாப்பா."

அவர் கையை மேலே தூக்கி அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்துவிட்டு, பெஞ்சில் சாய்ந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நோன்புப் பெருநாள் கழிந்ததும் தொடங்கியிருக்கிறார். பட்டறை சாத்திய பிறகு தினமும் ஆணம் வைத்திருக்கிறார். ஒருநாள் கசந்தது, ஒருநாள் அடிப்பிடித்தது, பாதி நாள் சகிக்க முடியாமல் கட்டர் சாக்கடையில் கொட்டினார். மீதியைப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் ரொட்டியோடு தின்றுவிட்டு, அச்சா ஹை சேட் என்று பொய் சொன்னார்கள். அவர்களும் எத்தனை நாள்தான் பொய் சொல்வார்கள் என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

எதற்காக இந்தப் பாடு என்று கேட்டேன்.

"புள்ளைய மெஸ்ஸுல போட்றாதியன்னு சொன்னா. ஆஸ்பத்திரியில வச்சு. வேற ஒண்ணும் சொல்லல அவ."

அவர் இதை ஒரு வருஷமாக மனதுக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் அதே மெஸ்ஸில் என் எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறார். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். இந்த செமஸ்டர் மெஸ் வேண்டாம். பேன்ட்ரிக்குப் போகிறேன். அறைத்தோழியிடம் போய், சேர்த்துக்கொள்வாயா என்று கேட்கிறேன். பொடி குறைந்தால் குறையட்டும், உம்மா அதைத் தின்பதற்குத்தானே திரித்தாள். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் வரும்போது சம்படத்தைக் கொண்டு வாங்க, நீங்க சொல்லச் சொல்ல நான் வைக்கிறேன் என்றேன்.

வாப்பா தூக்கின் மூடியைக் கையில் எடுத்து, துண்டால் துடைத்தார்.

"அதுல இல்லளா."

எனக்குப் புரியவில்லை. எது இல்லை என்று கேட்டேன்.

"பொடி. இதோட சரி."

அவருக்கு உம்மாவின் பெரிய சட்டி மட்டும்தான் தெரியும். உம்மா சமைக்கும்போது வாசலில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அந்தச் சட்டியில்தான், இத்தனை பேருக்குத்தான். ஒரு ஆளுக்கு எப்படிக் குறைத்துப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் பெரிய சட்டி நிறையத் தண்ணீர், பெரிய சட்டிக்கு உண்டான பொடி. கசந்ததும் அடிப்பிடித்ததும் கட்டரில் கொட்டியதும் எல்லாம் உம்மா திரித்த பொடிதான். சரியாக வந்த நாளில் சம்படத்தில் ஒரே ஒரு சட்டிக்கு மிச்சம் இருந்திருக்கிறது. அதை எனக்கென்று வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்.

"பழகுறதுக்குக் கடையில பாக்கெட் வாங்கியிருக்கலாம்லா வாப்பா?"

"பாக்கெட்டுல பழகுனா பாக்கெட் ருசிதான வரும். ஒனக்கு அவ ருசில்லா வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் காட்ட முடியாத கோபம். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. திரித்து வருஷம் தாண்டிய பொடி இந்த மழையைத் தாங்காது, வண்டு விழுந்திருக்கும் என்றார். அதுவும் சரிதான். நான் பரணில் ஒளித்து வைத்து எதைக் காப்பாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சம்படத்தின் மூலையில் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கும், அந்தப் பெருங்காயக் கட்டி இருக்கும், மூடியைத் திறந்தால் வாசனையாவது வரும் என்று தோன்றியது. அது போதும் எனக்கு. சம்படத்தையாவது எனக்குத் தாங்க வாப்பா என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நான் கேட்டுத் தன்னால் கொடுக்க முடிகிற பொருள் ஒன்று இருக்கிறது என்ற சந்தோஷம்.

"பத்திரமா வச்சிருக்கேன். சோப்பு போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, வெயில் வந்தன்னிக்குக் காய வச்சுட்டேன். பாத்தியன்னா, புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு."

இதற்கு முன் அவர் வாழ்க்கையில் ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை. உம்மா செய்கிற மாதிரி, பாத்திரம் காலியானால் கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று அவர் இப்போதுதான் கற்றிருந்தார். நல்லது வாப்பா என்று சொன்னேன்.

தூக்கில் இன்னும் கொஞ்சம் ஆணம் இருந்தது. அவர் தட்டில் சோறு அப்படியே வெள்ளையாக இருந்தது. நான் தூக்கை எடுத்து ஊற்றப் போனேன். நீ தின்னு, எனக்குப் போதும் என்று தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, அடியில் இருந்ததுவரை வழித்து ஊற்றினேன். இரண்டு பேரும் தின்று முடித்தோம். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கெடு முடிவதற்குள், மெஸ்ஸுக்கே பெயர் கொடுத்தேன்.